வத்தலக்குண்டு மகளுக்கு லேகியம்

முப்பத்துமூன்று வயதில் நான் முதியோருக்கு அறிவுரை சொல்லி ஒரு புத்தகம் எழுதினேன். அறுபதுக்கு மேல் பொழுதை எப்படிப் போக்குவது என்று நாற்பத்தெட்டுப் பக்கம். அந்த வயதில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தையே உருப்படியாகப் போக்கத் தெரியாது. தலைப்பைச் சொல்ல மாட்டேன். ‘ஆனந்தம்’ என்ற சொல் அதில் இருந்தது, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் இருந்தது என்பதோடு விட்டுவிடுங்கள். இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி வீட்டில் ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியில் இருக்கிறது. என் மனைவி வைத்தது. மேஜை இப்போது ஆடுவதில்லை. “இப்பவாவது ஒரு வேலை செய்யுதே” என்பாள்.

நான் திண்டுக்கல்லில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா. பாலிசி முதிர்ந்து காசோலை வாங்கிக்கொண்டு போகிற பெரியவர்கள் வாசற்படியில் இறங்கியதும் இடது பக்கம் போவதா வலது பக்கம் போவதா என்று கொஞ்ச நேரம் நிற்பார்கள். அதை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, இவர்களுக்கு யாராவது வழி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் அவ்வப்போது நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்ததால், யாருக்கும் எதையும் சொல்லலாம் என்ற தைரியமும் வந்திருந்தது. புத்தகத்தோடு நிற்காமல், ஒரு தையல் கடையின் மாடியில் முதியோருக்கான பொழுதுபோக்கு மன்றம் ஒன்றையும் தொடங்கினேன். இரண்டு கேரம் போர்டு, எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, மூன்று செய்தித்தாள். மின்விசிறி ஓடுகிற நாட்களில் ஆறு பேர் வருவார்கள்.

அந்த மன்றத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் வந்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் எழுதப் போவதில்லை. முன்பு ஒருமுறை அவரைப் பற்றி எழுதியபோதும் பெயர் எழுதவில்லை. அது அவரைக் காப்பாற்றவில்லை.

மெலிந்த உடம்பு. கஞ்சி போட்ட வாயில் புடவை, கருப்புக் குடை, கருப்புக் கைப்பை. மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றவர், கைப்பையிலிருந்து என் புத்தகத்தை எடுத்தார். பென்சிலால் கோடு போட்டிருந்தது. வாசகர் கோடு போட்ட பிரதியைக் கண்டால் எழுதுகிறவனுக்கு வருகிற பூரிப்பு எனக்கும் வந்தது. அது ஒரு நிமிடம் இருந்தது.

“ஒரு சந்தேகம் கேக்கலாமா?”

“கேளுங்கம்மா.”

“அம்மா வேண்டாம். ஆபீஸ்ல மேடம்பாங்க. அதுவே இருக்கட்டும்.” பக்கத்தைப் புரட்டினார். “பேரப்பிள்ளைகளோட விளையாடுங்கன்னு ஏழு எடத்துல போட்டிருக்கீங்க. எண்ணிப் பாத்தேன். பேரப்பிள்ளை இல்லாதவங்க அந்த ஏழு எடத்துலயும் என்ன செய்யணும்?”

“பக்கத்து வீட்டுக் குழந்தைங்க…”

“அதுக டியூசன் போயிருக்கு.”

“பூனை, நாய்னு ஏதாவது…”

“வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார்.”

“ஒரு சின்னத் தோட்டம்…”

“நான் இருக்கிறது மாடி போர்ஷன்.”

கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மன்றம் தொடங்கியதிலிருந்து அவர்களுக்கு அப்படி ஒரு பொழுதுபோக்கு கிடைத்ததில்லை. கடைசியில் அவரே இரங்கி, “பயணம் போங்கன்னு எழுதியிருக்கிற எடம் மட்டும் சரியா இருக்கு” என்று அந்தப் பக்கத்தைக் காட்டினார். ஓரத்தில் ஒரு ‘டிக்’ இருந்தது. “ஆனா எறங்கி ஊரச் சுத்திப் பாக்கணும்னு போட்டிருக்கீங்க. எறங்கணும்னு அவசியமில்ல.”

புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் புரிய நான்கு மாதம் ஆயிற்று.

ஒரு வியாழக்கிழமை, ஒரு க்ளெய்ம் விசாரணைக்காக நான் செம்பட்டி போக வேண்டியிருந்தது. பதினோரு மணி வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினேன். இடது பக்கப் பெண்கள் வரிசையில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், காலிப் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிராமத்துப் பெண். காலையில் பூவைக் கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்புகிறவள் என்று பார்த்ததும் தெரிந்தது. நான் அவர்களுக்கு நேர் பின் இருக்கை. பேகம்பூர் பள்ளிவாசல் தாண்டுவதற்குள் பூக்காரப் பெண் ஆரம்பித்தாள்.

“யக்கா, எங்க போறீக?”

“வத்தலக்குண்டு. மக வீட்டுக்கு.”

“அங்கனயா கட்டிக் குடுத்திருக்கீக?”

“ஆமா. பிள்ளை பெத்திருக்கா. பத்து நாள் ஆகுது. பொம்பளப் பிள்ளை.”

“ஆத்தீ! தலைப்பிள்ளையா? பாலு இருக்கா அவளுக்கு?”

“இருக்கு. பிள்ளைதான் ராத்திரியெல்லாம் அழுகுதாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று மன்றத்துக் கேரம் கோஷ்டி எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஏன் ஆகவில்லை என்று நான் அவரிடம் கேட்டதில்லை. அதைக் கேட்பதற்கு ஊரில் வேறு ஆட்கள் தாராளமாக இருந்தார்கள். பின்னிருக்கையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பிள்ளைக்குத் தலை நிறைய முடியாம். மாப்பிள்ளை சாந்தமானவராம். மாமியார்தான் கொஞ்சம் ஒரு மாதிரியாம். பூக்காரப் பெண் மாமியாரை ஏசினாள். இவரும் கூடச் சேர்ந்து, அளவாக ஏசினார்.

நான் செம்பட்டியில் இறங்கி, வேலையை முடித்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிற பஸ்ஸில் ஏறினால், அதே பஸ். அதே ஜன்னல். அதே குடை.

“மகளப் பாத்துட்டீங்களா, மேடம்?” என்றேன். நகைச்சுவை எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்காது.

அவர் சங்கடப்படவில்லை. “நான் எறங்கவே இல்ல” என்றார்.

“ஏன்?”

“எறங்குனா எங்க போறதுன்னு யோசிக்கணும்ல.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். அவர் முப்பது வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே பஸ்ஸில் ஏறிவிட்டார். திங்கள் ஒட்டன்சத்திரம், செவ்வாய் நிலக்கோட்டை, புதன் நத்தம், வியாழன் வத்தலக்குண்டு, வெள்ளி வேடசந்தூர். சனிக்கிழமை கூட்டம் அதிகம், போவதில்லை. ஞாயிறு மாதா கோயிலில் பூசை. ஊர் போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் இறங்குவார்கள். டிரைவரும் கண்டக்டரும் டீக்கடைக்குப் போவார்கள். வெறும் பஸ்ஸில் இவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். கைக்குட்டையால் ஜன்னல் கம்பியைத் துடைப்பார். வத்தலக்குண்டு பஸ்ஸின் கண்டக்டர் சவரிமுத்து, கிளாஸில் டீ வாங்கிவந்து ஜன்னல் வழியாக நீட்டுவார். “இந்தாங்கம்மா, சீனி கம்மி.” சவரிமுத்து சொல்லும் ‘அம்மா’வுக்கு அவர் ஆட்சேபம் சொன்னதில்லை. பஸ்ஸுக்குள் யார் வேண்டுமானாலும் அவரை அம்மா என்று கூப்பிடலாம் என்பது ஒரு விதி போல இருந்தது. பிறகு திரும்புவதற்கு ஒரு டிக்கெட். வீடு போய்ச் சேர மணி இரண்டு, இரண்டரை. “அப்புறம் சாப்பிட்டுப் படுத்தா நாலு ஆயிரும். நாலு மணிக்கு மேல ஒரு நாளத் தாட்டுறது அம்புட்டுக் கஷ்டமில்ல” என்றார். என் நாற்பத்தெட்டுப் பக்கத்தில் இந்தக் கணக்கு எங்கேயும் இல்லை.

பொய்க்கும் விதிகள் வைத்திருந்தார். ஓர் ஊருக்கு ஓர் உறவுதான். நிலக்கோட்டையில் தம்பி, நத்தத்தில் கூடப் படித்த சிநேகிதி, ஒட்டன்சத்திரத்தில் சின்னம்மா மகள். ஒருவரிடம் சொன்னதை மாற்றிச் சொல்வதில்லை. பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. “முப்பது வருசம் ஊரு பேரெல்லாம் எழுதுன கை” என்று விரல்களை விரித்துக் காட்டினார். உறவினர்களுக்கு வேலை மாற்றம் வரும், வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடிப்பார்கள், பையன் ஒரு பாடத்தில் தவறுவான். ஆனால் ஒருவரும் சாக மாட்டார்கள். நிலக்கோட்டைத் தம்பிக்கு நெஞ்சுவலி வந்தபோதுகூட, மூன்றாம் வாரம் எழுந்து நடமாட வைத்துவிட்டார்.

“யாரையும் சாகடிக்க மாட்டேன். அந்த ரெஜிஸ்தர நான் வேணுங்கிற அளவுக்கு எழுதியாச்சு.”

இதில் அவர் எதிர்பாராத ஒன்று அந்தப் பூக்காரப் பெண். பெயர் பொன்னுத்தாயி. செம்பட்டி தாண்டி ரோட்டோரத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம். கனகாம்பரமும் மல்லியும். மற்ற ஊர்ப் பஸ்களில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பொன்னுத்தாயி மட்டும் வியாழன் தவறாமல் வந்தாள். அதனால் வத்தலக்குண்டுப் பிள்ளை வளர வேண்டியதாயிற்று. பெயர் வைக்க வேண்டும் (ஸ்டெல்லா என்று வைத்தார்), தலை நிற்க வேண்டும், குப்புற விழ வேண்டும். “எந்த மாசத்துல பல்லு மொளைக்கும்?” என்று ஒருநாள் அவர் அலுவலகத்துக்கே வந்து என்னிடம் கேட்டார். எனக்கு இரண்டு பிள்ளைகள். எனக்குத் தெரியவில்லை. மனைவியிடம் கேட்டுச் சொன்னேன்.

ஆனால் பல் வருவதற்கு முன்பே லேகியம் வந்துவிட்டது. பிள்ளை பிறந்ததாகச் சொன்ன இரண்டாம் வாரம், பொன்னுத்தாயி ஓர் ஊறுகாய் பாட்டில் நிறையப் பேறுகால லேகியம் கிண்டிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டாள்.

“பெத்த உடம்பு யக்கா. காலையில வெறும் வயித்துல ஒரு நெல்லிக்காய் அளவு. குடுத்து, அவ திங்குறத நின்னு பாத்துட்டு வாங்க.”

அன்று மாலை வழியில் என்னைப் பார்த்தவர், “செத்த நேரம் வந்துட்டுப் போங்க” என்று வீட்டுக்கு அழைத்துப்போனார். ஒரே ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. விருந்தாளிக்கு நாற்காலி கொடுத்தால் அவர் கட்டிலில்தான் உட்கார வேண்டும். சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் கலந்த வாசனை அறை முழுக்க இருந்தது. பாட்டிலை மேஜையின் நடுவில் வைத்து, இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இத என்ன செய்ய?” என்றார்.

“கொட்டிரலாமே.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், கொட்ட வேண்டியது லேகியத்தை அல்ல என்று தெரிந்தது. “ஒரு நாள் முழுக்க அடுப்புகிட்ட நின்னு கிண்டியிருக்கா. கொட்டுறதாம்.”

மறுநாள் காலையிலிருந்து அவரே சாப்பிட்டார். வெறும் வயிற்றில், ஒரு நெல்லிக்காய் அளவு. எனக்கும் ஓர் உருண்டை கொடுத்தார். பிள்ளை பெறாத இரண்டு பேர் பேறுகால லேகியம் தின்றுகொண்டிருந்தோம். “காரமே இல்ல பாத்தீங்களா. இது நல்லாக் காரமா இருக்கும்னுதான் நான் கேள்விப்பட்டிருக்கேன்” என்றார். ஒரு மாதத்தில் அவருக்கு இருந்த வறட்டு இருமல் குறைந்திருந்தது. அடுத்த வியாழன் பொன்னுத்தாயி “மக தெம்பா இருக்காளா?” என்று கேட்டாளாம். “இப்பத் தேவல” என்று சொன்னாராம். “அது பொய்யில்ல பாருங்க” என்று என்னிடம் சொல்லும்போது, அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு மிடுக்கு இருந்தது.

இவ்வளவையும் நம்பி என்னிடம் சொன்னார். நான் என்ன செய்தேன் என்றால், எழுதினேன்.

பொங்கல் மலருக்கு ஆசிரியர் இரண்டு பக்க நகைச்சுவை கேட்டார். கையில் வேறு விஷயம் இல்லை. பெயர் போடவில்லை, தெரு போடவில்லை. ‘பஸ்ஸிலேயே குடும்பம் நடத்தும் மூதாட்டி’ என்று தலைப்பு. லேகியம், பல், ஸ்டெல்லா எல்லாம் அதில் இருந்தன. நன்றாகத்தான் வந்திருந்தது. இதைச் சொல்வதும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நான் எழுதியவற்றிலேயே நன்றாக வந்தது. அலுவலகத்தில் கைகொடுத்தார்கள். மன்றத்தில் கேரம் கோஷ்டி உரக்கப் படித்துச் சிரித்தது. என் மனைவி மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்தாள். “அந்தம்மா உங்கள வீட்டுக்குள்ள விட்டிருக்கவே கூடாது” என்றாள். அன்று சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் எதுவும் இறங்கவில்லை.

பஸ்களில் அது பரவியது. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நிலக்கோட்டை பஸ்ஸில் ஒரு கண்டக்டர், “வாங்க வாங்க, இன்னைக்கு எந்தத் தம்பி வீட்டுக்கு?” என்று கேட்டிருக்கிறார். பஸ் சிரித்திருக்கிறது. ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் யாரோ, “ஏனுங்க, ஸ்டெல்லாவுக்குப் பல்லு மொளைச்சிருச்சுங்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். அது வத்தலக்குண்டுப் பிள்ளை. ஒட்டன்சத்திரத்துக்காரர்களுக்கு அதைப் பற்றித் தெரிந்திருக்கவே கூடாது. புதன்கிழமை நத்தம் பஸ்ஸில் அவர் ஏறவில்லை. வியாழக்கிழமையும் ஏறவில்லை.

சவரிமுத்து அலுவலகத்துக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார். “சார், நீங்க எழுதுனதப் படிச்சேன். சிரிச்சேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா டீ வாங்கிட்டுப் போயி சன்னலுக்குள்ள கைய விட்டா, அங்க ஆளில்ல சார். பழக்கத்துல வாங்கிட்டேன்.”

நான் மேடம் வீட்டுக்குப் போனேன். மணி பதினொன்று. கதவைத் திறந்தவர் வழக்கம்போல நாற்காலியைக் கொடுத்தார். மேஜையில் என் பழைய புத்தகம் விரித்திருந்தது.

“உங்க புக்குப்படி நடக்குறேன். காலையில நடை. அப்புறம் ரேடியோ. அப்புறம் ஒரு தொட்டியில துளசி வச்சிருக்கேன், ஜன்னல்ல. எல்லாம் முடிச்சாலும் பத்துமணிதான் ஆகுது.”

மன்னிப்புக் கேட்டேன். நீளமாகக் கேட்டேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, “நல்லா எழுதியிருந்தீங்க” என்றார். “ஒரு தப்பு. மூணாவது சீட்டுன்னு போட்டிருக்கீங்க. நாலாவது.”

“பஸ்ல எல்லாரும் ரெண்டு வாரத்துல மறந்துருவாங்க, மேடம். நானும் கூட வாரேன். வாங்க, போவோம்.”

வந்தார். அதை நான் என் வெற்றியாக நினைத்தேன். செவ்வாய்க்கிழமை நிலக்கோட்டை பஸ். நான் இரண்டு வரிசை தள்ளி நின்றுகொண்டேன். சின்னாளப்பட்டியில் ஏறிய ஒரு பெண், முன்பின் தெரியாதவள், பத்திரிகை படிக்கிறவளாகவும் தெரியவில்லை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

“எங்கம்மா போறீக?”

அவர் வாயைத் திறந்தார். தம்பி வந்துவிடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் தலையைத் திருப்பி, நான் எங்கே நிற்கிறேன் என்று ஒருமுறை பார்த்தார்.

“சும்மா” என்றார்.

அதற்கு மேல் கேட்க அந்தப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நிலக்கோட்டை வந்தது. அங்கே, முதல் தடவையாக, எல்லாரோடும் சேர்ந்து அவரும் இறங்கினார். இறங்கி, பஸ் நிலையத்துத் தூண் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். இடது பக்கமா வலது பக்கமா என்று தெரியாமல் என் அலுவலக வாசலில் நிற்பவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போய் நின்றது இல்லை.

திரும்பி வந்த பிறகு ஒரு விஷயம் மட்டும் கேட்டார். “பொன்னுத்தாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனா யாராவது படிச்சுக் காமிச்சிருப்பாங்களோ என்னமோ. லேகியம் கிண்டிக் குடுத்தவ மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நீங்க ஒரு வியாழக்கிழமை அந்தப் பஸ்ல போயி அவகிட்டச் சொல்லிருங்க. மாப்பிள்ளைக்கு வடக்க மாத்தலாயிருச்சு, மகளும் பிள்ளையும் கூடப் போயிட்டாங்க, அதான் அந்தம்மா வரதில்லன்னு. அது போதும். அவ என்னைய வையாம இருந்தாச் சரி.”

சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. அடுத்த வியாழன் ஆடிட் வந்தது. அதற்கடுத்த வியாழன் பஸ் நிலையம் வரை போனேன். நாலாவது சீட்டில், பக்கத்து இடத்தின் மேல் காலிப் பூக்கூடையை வைத்துக்கொண்டு பொன்னுத்தாயி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஊருக்கெல்லாம் அச்சில் ஏற்றத் தெரிந்தவனுக்கு, ஓர் ஆளிடம் நேரில் ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வருடக் கடைசியில் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு, திருச்சிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஒரே ஒரு தபால் கார்டு வந்தது. பதிவேட்டுக் கையெழுத்து, ஒரு வரிகூடச் சாயவில்லை. ‘இங்கே எல்லா வசதியும் இருக்கிறது. கேரம் போர்டும் இருக்கிறது, உங்கள் புத்தகத்தை யாரோ படித்திருக்கிறார்கள். எனக்கு ஜன்னலோரம் கட்டில் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் நகர்வதில்லை. பொன்னுத்தாயியிடம் சொல்லிவிட்டீர்கள் அல்லவா?’

பதில் எழுதினேன். சொல்லிவிட்டேன், அவள் பிள்ளையை விசாரித்தாள் என்று எழுதினேன். அந்தப் பொய் மட்டும் எனக்குச் சுலபமாக வந்தது, அது எழுத்தில் என்பதால்.

இரண்டு மூன்று வருடம் கழித்து, அவர் இறந்துபோன செய்தியைச் சவரிமுத்துதான் சொன்னார். கோயிலில் பூசைக்கு முன்னால் இறந்தவர்கள் பட்டியலில் அவர் பெயரை வாசித்தார்களாம். தன் பஸ் உறவுகளில் ஒருவரையும் சாகவிடாதவர்.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமை, பதினோரு மணிப் பஸ்ஸில் ஏறினேன். செம்பட்டிக்கு டிக்கெட் எடுத்தேன். அதற்கு மேல் போக எனக்குத் தைரியம் இருக்காது என்று எனக்கே தெரியும். பொன்னுத்தாயி தலை நரைத்துப்போய் இருந்தாள். பக்கத்தில் இடம் காலி. பெண்கள் இருக்கை என்பதால் கேட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். பேகம்பூர் தாண்டிற்று. வக்கம்பட்டி தாண்டிற்று. அதற்குப் பிறகுதான் வாய் வந்தது.

“இங்கன ஒரு அம்மா வருவாங்களே, குடை வச்சுக்கிட்டு. அவங்க உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. மாப்பிள்ளைக்கு வடக்க மாத்தலாயிருச்சாம். மகளும் பிள்ளையும் கூடப் போயிட்டாங்களாம்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எப்பச் சொல்லச் சொன்னுச்சு?”

“நாலு வருசம் இருக்கும்.”

“நாலு வருசமா வாறீகளாக்கும், பஸ் ஸ்டாண்டுல இருந்து.”

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். மகள் இல்லை, மாப்பிள்ளை இல்லை, பிள்ளை இல்லை, வத்தலக்குண்டில் அவர் ஒருநாளும் இறங்கியதில்லை, நான்தான் எழுதிக் கெடுத்தேன், இப்போது அவரும் இல்லை. கடைசி வார்த்தைக்கு மட்டும் பொன்னுத்தாயி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். “போயிருச்சா” என்றாள். மற்றவற்றுக்கு அவள் முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை.

“மக இல்லைன்னு எனக்குத் தெரியாதாக்கும்.”

“தெரியுமா?”

“ரோட்டோரந்தான எங்க தோட்டம். நான் எறங்கிப் போயி களையெடுத்துக்கிட்டு நிமிந்து பாத்தா, அதே பஸ்ஸு திரும்பி வரும். போறப்பயும் அந்தச் சன்னலு, வாரப்பயும் அந்தச் சன்னலு. பிள்ளை பெத்த மக வீட்டுக்குப் போனவ ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டாவது வர மாட்டாளா? மொத வாரமே தெரியும்.”

“அப்ப அந்த லேகியம்?”

“எலும்புந் தோலுமா இருந்துச்சு அந்தம்மா. லொக்கு லொக்குன்னு இருமல் வேற. ‘யக்கா, ஒனக்குத்தான், தின்னு’ன்னா வாங்குற ஆளா அது? மகளுக்குன்னு குடுத்தேன். வயசான வயிறு தாங்காதுன்னு மொளகக்கூடக் கொறச்சுத்தான் போட்டேன்.” கூடையை மடியில் திருப்பி வைத்தாள். “அந்தம்மா வராம நின்ன பெறகு எத்தன வியாழக்கிழமை இந்தக் கூடையப் போட்டு எடம் பிடிச்சு வச்சிருக்கேன். கண்டக்டரு கூட வைவாரு. இந்தப் பஸ்ஸுல தெரியாதவுக யாரு இருந்தா? எல்லாருக்குந் தெரியும், யாரும் வாயத் தொறக்கல. நீங்கதேன் என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி பேப்பர்ல போட்டீகளாமே.”

நான் மறுபடியும் மன்னிப்பை ஆரம்பித்தேன். எனக்கு அதில் நல்ல பயிற்சி இருந்தது. கண்ணாடியைக் கழற்றினேன். பஸ் நின்றது.

பொன்னுத்தாயி என் தோளுக்கு மேலாக வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சரி, செம்பட்டி வந்துருச்சு. நீங்க எறங்குற ஆளுதான? எறங்குங்க. ஏற ஆளு நிக்குது.”